காஜா பெராங்கின் துப்பாக்கிகள்

காலை ஏழு ஐந்துக்கு அப்புவின் பின்புறத்திலிருந்து பதினோராவது ஈயக்குண்டு வெளியே வந்தது. டிரசர் பொன்னுதுரை அதைத் தட்டில் போட்டார். கடுகைவிடச் சற்றுப் பெரியது.

“இன்னும் இருக்குங்களா?” என்றான் குப்புறப் படுத்திருந்த அப்பு.

“ஒண்ணோ ரெண்டோ. யார் சுட்டது?”

“தெரியாதுங்க. விடியாத நேரம். ரம்புத்தான் மரத்து மேல இருந்தேன். வௌவால்னு நினைச்சிட்டாங்க போல.”

“உன் மரமா?”

அப்பு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் திரிஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுபவன். இனி ஒரு வாரத்துக்கு அந்தச் சீட்டில் உட்கார முடியாது.

பொன்னுதுரை இடுக்கியைக் கீழே வைத்தார். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாகக் கட்டுப்போடுகிறவர். ஊசியைத் தவிர வேறு ஆயுதம் தொட்டதில்லை. தீபாவளிக்குத் தெருவில் வெடி வெடித்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அன்று அவருக்குக் கோபம் வந்தது.

கோபம் வந்த நேரம்தான் சரியில்லை. நகராண்மைக் கழகத் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காஜா பெராங் வட்டாரத்தில் பொன்னுதுரை மூன்றாவது முறையாக நின்றார். முதல் முறை அறுபது ஓட்டில் தோற்றார். இரண்டாவது முறை பதினேழில். இந்த முறை டாக்டர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: “ஜெயிச்சா இங்கேயே இரு. இல்லன்னா மூவார்ல புதுசா ஒரு கிளினிக் திறக்கிறேன். அங்க போய்ப் பார்த்துக்க.” பொன்னுதுரையும் சரி என்றிருந்தார். மூன்றாவது முறையும் தோற்றவன் அதே தெருவில் எப்படி நடப்பது?

அன்று மாலைக் கூட்டத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார்.

“இது சுதந்திர நாடு. சுதந்திர நாட்டுல ஒருத்தன் மரத்துல ஏறினா விழலாம். சுடப்படக் கூடாது. நான் கவுன்சிலரானா, இந்த வட்டாரத்துல இருக்கிற அத்தனை துப்பாக்கியையும் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்க வைப்பேன்!”

யாரும் கை தட்டவில்லை. அப்பு மட்டும் தட்டினான். அவன் நின்றுகொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்ததும் தேர்தல் ஏஜெண்ட் சுப்பையன் பக்கத்தில் வந்தான். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். ஊரின் தலைகளெல்லாம் அவன் கைக்குள்தான் இருந்தன.

“அண்ணே, தெருவிளக்கைப் பத்திப் பேசியிருந்தா ஜெயிச்சிருப்போம்.”

“இன்னும் தேர்தலே வரலியே சுப்பையா.”

“அதைத்தான் அண்ணே சொல்றேன்.”

மறுநாள் மாலை பழத்தோட்டக்காரர் கணேசமூர்த்தி வீட்டுக்கு வந்தார். நேராகப் பின்வாசலுக்குப் போனார். கோப்பிக் குவளையோடு முன்பக்கம் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருமே முதலில் பின்வாசலுக்குத்தான் போவார்கள். மனைவி சாரதாம்பாளின் கோப்பி அப்படி என்று பொன்னுதுரை நினைத்துக்கொள்வார்.

“டிரசர், துப்பாக்கி இல்லாம தோட்டத்தை எப்படிக் காப்பாத்தறது? ஒரு கூட்டம் வௌவால் வந்தா விடியறதுக்குள்ள மரம் மொட்டை. என் வீட்டுல ஒன்பது ஓட்டு. சும்மா சொல்லி வச்சேன்.”

பொன்னுதுரை யோசித்தார். ஒன்பது ஓட்டு.

“பழத்தோட்டத்துக்கு விதிவிலக்கு” என்றார்.

செய்தி கோப்பி ஆறுவதற்குள் ஊரைச் சுற்றி வந்தது. அடுத்த நாள், தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிகளின் கிராமமான செட்டி கம்போங்கிலிருந்து அண்ணாமலைப் பிள்ளை வந்தார். வெள்ளைச் சட்டை, கைலி, தலையில் உருமால். அவருக்குத் தமிழ் பேச வராது. பின்வாசலில் சாரதாம்பாளிடம் மலாயில் வெகுநேரம் சிரித்துப் பேசிவிட்டு, முன்வாசலுக்கு வந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார். சுப்பையன் மொழிபெயர்த்தான்.

“கேக்கறாரு அண்ணே, பழம் பெருசா நெல்லு பெருசான்னு. கதிர் முத்தற நேரம். காட்டுப்பன்னி வயல்ல புரளுது. ‘ரம்புத்தானைத்தான் வடிச்சுச் சாப்பிடறாரா உங்க டிரசர்’னு கேக்கறாரு.”

“வயலுக்கும் விதிவிலக்கு.”

சுப்பையன் மொழிபெயர்த்தான். அண்ணாமலைப் பிள்ளை எழுந்து, கை குலுக்கி, எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போனார். இருபத்தாறு ஓட்டு.

அதற்கடுத்த நாள் மீனாச்சி வந்தாள். மாவரைக்கும் கடைக்காரி. குரங்குகள் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு உள்ளே இறங்குவதாகச் சொன்னாள்.

“குரங்குக்குக் கம்பு போதாதா?” என்றார் பொன்னுதுரை.

“கம்பைப் புடுங்கிட்டுப் போயிடுச்சுங்க. ஒரு வேட்டு மேல பார்த்து வச்சாத்தான் பத்து நாள் எட்டிப் பார்க்காது.”

பிறகு விளையாட்டு மன்றத்து ஆட்கள் வந்தார்கள். ஓட்டப்பந்தயம் தொடங்கத் துப்பாக்கி வேண்டும். விசில் ஊதினால் ஒருத்தனும் மதித்து ஓடுவதில்லை.

பொன்னுதுரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தார். பழம், நெல், குரங்கு, பந்தயம். விதிவிலக்கு கேட்டவர்களை விட்டால் சட்டத்துக்குள் வருகிறவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை.

“அப்ப யாரோட துப்பாக்கியை அண்ணே பறிக்கப் போறோம்?” என்றான் சுப்பையன்.

“கெட்டவங்களோடது.”

“நம்ம வட்டாரத்துல யாரு கெட்டவங்க?”

“அப்புவைச் சுட்டவன்.”

சுப்பையன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து சாரதாம்பாள் கூப்பிட்டாள். “சுப்பையா, கோப்பி.” அவன் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனான்.

எதிர் வேட்பாளர் சேதுபதிக்கு விஷயம் எட்டியது. சோடாக் கம்பெனி முதலாளி. அவர் தன் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: “நான் யார் துப்பாக்கியிலயும் கை வைக்க மாட்டேன்.” பிறகு எல்லாருக்கும் சோடா கொடுத்தார்.

பொன்னுதுரை இரண்டு நாள் தாடையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவருக்கு ஒரு வழி தோன்றியது. ஓட்டும் போகக் கூடாது, கொள்கையும் போகக் கூடாது. எல்லாரையும் வீட்டு முற்றத்துக்கு அழைத்தார்.

“துப்பாக்கி எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும். யாருக்கு என்னைக்குத் தேவையோ முறை வச்சு எடுத்துக்கலாம். திங்கள் தோட்டம், செவ்வாய் வயல்.”

“இப்பவும் முறை வச்சுத்தானே...” என்று ஆரம்பித்தார் கணேசமூர்த்தி. மீனாச்சி அவர் காலை மிதித்தாள். அவர் இருமினார்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல டிரசர். திங்கள் எனக்கு ஒத்து வராது.”

செவ்வாய் எனக்கும் ஒத்து வராது என்றார் அண்ணாமலைப் பிள்ளை, மலாயில். சனிக்கிழமைக்கு மூன்று பேர் சண்டை போட்டார்கள். விளையாட்டு மன்றம் வருடத்துக்கு ஒரு நாள்தான் கேட்டது. அந்த ஒரு நாளும் கோயில் திருவிழாவில் விழுந்தது. குரல்கள் உயர்ந்தன. பொன்னுதுரை நாற்காலி மேல் ஏறினார்.

“சரி, முறை வேணாம்! யார் வேணும்னாலும் வச்சுக்கலாம். ஆனா சுடறவங்க ஸ்டேஷனுக்கு வந்து, இருபது கெஜத்துல பால்டின்னை வச்சுச் சுட்டுக் காட்டணும். குறி தப்பினா லைசன்ஸ் ரத்து!”

முற்றம் அமைதியானது. இதற்கு முன் இருந்தது சத்தம். இது கோபம்.

“சுட்டுக் காட்டணுமா?” என்றாள் மீனாச்சி. “அவங்களைப் போய் ஸ்டேஷன்ல நிக்க வச்சு, பால்டின்னைச் சுடச் சொல்றதா? மரியாதை வேணாமுங்களா?”

“எவங்களை?”

“சுடறவங்களைத்தான்.”

“சரியாச் சுடறவங்களா இருந்தா என்ன பயம்? அப்புவை வௌவால்னு சுட்டாங்களே, அது குறி தப்பினது இல்லையா?”

“குறி தப்பல” என்றார் கணேசமூர்த்தி.

எல்லாரும் எழுந்து போனார்கள். பின்வாசல் வழியாக, சாரதாம்பாளிடம் சொல்லிக்கொண்டு.

மறுநாள் சுப்பையன் கணக்குச் சொன்னான். “இன்னைக்கு என் நாற்காலியில பதினாலு பேர் உட்கார்ந்தாங்க அண்ணே. ஒருத்தர்கூட உங்களுக்குன்னு சொல்லல. கத்தி கழுத்துல இருக்கும்போதுகூடச் சொல்லல.”

தேர்தலுக்கு நான்கு நாள் இருந்தது. பொன்னுதுரை சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் தட்டைப் பார்த்தார். சாரதாம்பாள் எதிரில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். விடியும் முன்பே எழுந்து கோயிலுக்குப் போகிறவள். அவர் எழுந்திருக்கும்போது கோப்பி தயாராக இருக்கும்.

“நான் சொன்னது தப்பா சாரதா?”

“தப்பில்லைங்க. ஒருத்தனும் சுடப்படக் கூடாதுதான்.” கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். “அப்புவும் அந்த மரத்துல ஏறியிருக்கக் கூடாது.”

“பெட்டி கட்டிடலாம். மூவார் நல்ல ஊர்தான். ஆத்தங்கரையில வீடு கிடைக்கும்.”

“மூவார்ல எனக்கு யாரைத் தெரியும்?”

அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

அடுத்த நாள் அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தோட்டத்துக்கு, செட்டி கம்போங்குக்கு, மாவுக் கடைக்கு. மாலையில் ஒரு கூடை ரம்புத்தானும் கால் மூட்டை அரிசியும் பின்னால் ஒரு சைக்கிளில் வர, திரும்பினாள்.

“ஓட்டுக் கேட்டியா?” என்றார் பொன்னுதுரை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

“அதெல்லாம் எனக்குத் தெரியுமா? விடைபெறத்தான் போனேன். தோத்தா மூவாருக்குப் போயிடுவோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தேன்.”

“என்ன சொன்னாங்க?”

“வருத்தப்பட்டாங்க.”

தேர்தலன்று மழை தூறியது. ஓட்டுச் சாவடிக்கு எதிரே பந்தலில் சாரதாம்பாள் கோப்பி ஊற்றினாள். ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்கள் பொன்னுதுரையைத் தாண்டிக்கொண்டு நேரே அவளிடம் போனார்கள்.

“அக்கா, போட்டாச்சு” என்றார் கணேசமூர்த்தி. அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் தலையாட்டினார்கள்.

“போட்டாச்சு அக்கா” என்றாள் மீனாச்சி.

அண்ணாமலைப் பிள்ளை நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். சேதுபதியின் சோடாக் கம்பெனி ஆட்கள்கூட வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார்கள். அப்பு மட்டும் தூரத்தில் நின்று கும்பிட்டான்.

மாலையில் எண்ணினார்கள். பொன்னுதுரை நானூற்றுப் பன்னிரண்டு. சேதுபதி தொண்ணூற்றாறு.

சுப்பையன் அழுதுவிட்டான். பொன்னுதுரைக்கும் கண் கலங்கியது. வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்: “பார்த்தியா சாரதா, கொள்கைன்னு வந்தா எதிர்ப்பாங்க. ஆனா நம்மை ஊரை விட்டுப் போக விடல. என் மேல இவ்வளவு பாசமான்னு நான் நினைச்சே பார்க்கல.”

“நானும்தாங்க” என்றாள் அவள்.

அந்தப் பாசத்துக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. சொன்னதைச் செய்ய வேண்டும். முதல் கையெழுத்து அதற்குத்தான்.

மறுநாள் காலை, கழுத்தில் நேற்றைய மாலையின் பூவிதழ் ஒன்று ஒட்டியிருக்க, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கோப்பரல் தியாகு எழுந்து சலாம் வைத்தார். ஸ்டேஷனில் யாரும் அவருக்குச் சலாம் வைப்பது அதுதான் முதல் தடவை.

“வாங்க கவுன்சிலர் ஐயா. வாழ்த்துகள்.”

“நன்றி. வேலைக்கு வந்திருக்கேன். எங்க வட்டாரத்துத் துப்பாக்கிப் பட்டியல் வேணும். பழத்தோட்டத்துல ஒண்ணு, வயல்ல ரெண்டு மூணு, கடைத்தெருவுல ஒண்ணு, விளையாட்டு மன்றத்துல ஒண்ணு. என் கணக்குல ஆறோ ஏழோ இருக்கும். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாப் பார்த்து, மரியாதையாப் பேசி, கொஞ்சம் கொஞ்சமா ஒப்படைக்க வைக்கலாம்னு இருக்கேன். முதல்ல யாரைப் பார்க்கறது?”

கோப்பரல் அவரையே பார்த்தார். கிண்டலா என்று தேடினார். முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பெரிய பதிவேட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை.

“காஜா பெராங்குக்கே இந்த ஒரு துப்பாக்கிதான் ஐயா, கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் அவங்களே போய்ச் சுட்டுக் கொடுத்துட்டு வர்றாங்க; லைசன்ஸ்காரர் சாரதாம்பாள், கணவர் பேரு பொன்னுதுரை... அம்மாகிட்ட நீங்க கேக்கறீங்களா, இல்ல நான் வந்து கேக்கணுமா?”