நாடி நிறுத்தும் சாமி

மருத்துவக் கல்லூரி விடுதியின் டி.வி. அறையில் தெய்வம் இறங்கியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? வருங்கால டாக்டர்கள் இருநூறு பேர் நம்பினார்கள். வரிசை மாடிப்படியில் இறங்கிக் குளியலறை வரை நீண்டது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் காணிக்கைக் கவர். நாளைக்கு நமக்கு ஊசி போடப்போகிறவர்கள்!

உள்ளே நாற்காலியில் நாடிச் சாமி. கூடாரம் போலத் தொளதொளத்த அங்கி. கைகள் இரண்டும் மடியில். "இதோ, நாடியை நிறுத்துகிறேன்" என்று கண்ணை மூடுவார். மாணவர்கள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். துடிப்பு இருக்காது. இரண்டு கையிலும் இருக்காது! உடலை அறுத்துப் படிக்கிற பிள்ளைகள் தொப்பென்று காலில் விழுவார்கள். நாடி நின்ற ஆள் எப்படி "அடுத்த ஆள் வா" என்கிறார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பாடம் அடுத்த வருடம்தான் போலிருக்கிறது.

தேர்வில் ஜெயிக்கப் பரிகாரமும் சொன்னார். புத்தகங்களைக் கறுப்புக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். தேர்வு முடியும்வரை பிரிக்கக் கூடாது. பாஸானால் சாமியின் அருள். பெயிலானால் கயிற்றைப் பிரித்த பாவம். காசை எப்படிச் சுண்டினாலும் சாமிக்குத்தான் பூ விழும்!

அந்தக் கல்லூரியில் ஒரு மாணவிக்குப் பட்டப்பெயர் 'மூணாந்தடவை'. உடற்கூறு பாடத்தில் இரண்டு முறை தோற்றவள். திங்கட்கிழமை மூன்றாவது முறை எழுதுகிறாள். இதிலும் தோற்றால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். வியாழக்கிழமை காலை, கயிறு கட்டிய புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு, உடற்கூறு கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அங்கே பிணங்களைத் தூக்கி வைக்கிற ஊழியர், மாணவர்களுக்குப் 'பிணவறை அண்ணன்', கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"என்ன தங்கச்சி, உள்ள படுத்திருக்கறவங்ககூட இவ்வளவு சோகமா இல்லியே!"

"படிக்கவும் முடியல. படிக்காம இருக்கவும் பயமா இருக்குண்ணே." சாமியின் மகிமையைச் சொன்னாள்.

அண்ணன் காதைச் சொறிந்தார். "நாடி நின்னவங்களோட பதினெட்டு வருஷமா குப்பை கொட்டறேன். ஒருத்தர்கூட எந்திரிச்சுக் காணிக்கை கேட்டதில்ல."

"கடவுளை நம்பறது தப்பாண்ணே?"

"நானும்தான் தினம் கும்பிடறேன். கும்பிட்டு முடிச்சதும் வேலையைப் பாக்கறேன். புத்தகத்தைக் கட்டுன்னு சொன்னது கடவுளா, அந்த ஆளா? அது கிடக்கட்டும். மணிக்கட்டுக்கு ரத்தம் எந்த வழியா வருது?"

"அது தெரியாமத்தானே ரெண்டு தடவை கோட்டை விட்டேன்!"

"சரி விடு. நானும் படிக்காதவன், நீயும் படிக்காதவ. ஒண்ணா உக்காந்து அழுவோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "நெஞ்சுல கிளம்பி, காரை எலும்புக்கு அடியில நுழைஞ்சு, அக்குள் வழியா இறங்கி, முழங்கைகிட்ட ரெண்டாப் பிரிஞ்சு, கட்டைவிரல் பக்கமா..." சடாரென்று நிறுத்தினாள். "அண்ணே! அக்குள்! அங்க எதையாவது வெச்சு அமுக்கினா மணிக்கட்டுல துடிப்பே தெரியாது. அந்த ஆளு கையைத் தூக்கவே மாட்டேங்கறாரு. ஆசிகூடக் கண்ணாலதான்!"

"தெரியாதுன்னியே, இப்ப யாரு சொன்னது? சாமியா?"

அவள் விடுதிக்கு ஓடி, நான்கு நான்கு படியாகத் தாவி டி.வி. அறைக்குள் நுழைந்தாள். சாமி அப்போதுதான் நாடியை நிறுத்தியிருந்தார்.

"சாமி, இப்படியே கையைத் தூக்கி ஆசி குடுங்க."

"கண்ணால் கொடுத்தால் போதும், மகளே."

"எனக்கு மூணாவது தடவை சாமி. கண்ணு பத்தாது. ரெண்டு கையும் வேணும்."

"எங்களுக்கும் கை வேணும் சாமி!" என்றது வரிசை. பக்தியும் சில நேரம் பகுத்தறிவுக்கு வேலை செய்யும். முன்னால் நின்ற பரம பக்தன் ஒருவன் ஆவேசத்தில் சாமியின் கைகளைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

தொப்! தொப்!

அங்கிக்குள்ளிருந்து இரண்டு ரப்பர் பந்துகள் விழுந்தன. துள்ளின. உருண்டுபோய் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கின.

மூணாந்தடவை சாமியின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். "துடிக்குது. நிமிஷத்துக்கு நூத்தி முப்பது. ரொம்பப் பயந்திருக்காரு."

சாமி பந்துகளைவிட வேகமாகப் படியிறங்கினார். வாசலில் காவலாளி அவரைக் கவர்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மூணாந்தடவை அதையெல்லாம் பார்க்கவில்லை. பல்லால் கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டு, அடுத்ததாகக் கை நரம்புப் பாடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் முழுசாக இருந்தது.

அன்று மாலை அந்தப் பரம பக்தன் உடற்கூறு கூடத்து வாசலில் வந்து நின்றான். கையில் புதுக் கவர்.

"அண்ணே, மூணாந்தடவை எல்லாம் சொன்னா. நீங்கதான் நிஜமான ஞானி. நான் பாஸாவேனான்னு கையைப் பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் கதவைத் திறந்து, உள்ளே மேஜைகளில் வரிசையாகக் கிடந்த பிணங்களைக் காட்டினார்.

"இவங்களால யோசிக்க முடியாது தம்பி. அதனால நான் தூக்கி வைக்கிற இடத்துல கிடக்கறாங்க. உனக்கென்ன கேடு?"