ஒன்பதாவது மாடியில் பால் பொங்கிய விவரம்

சரவணம்பட்டி,
மார்கழி 11.

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் மதிப்பிற்குரிய பாவா நரசிம்மலு அவர்களுக்கு, மைத்துனன் ராமுலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், வெங்கடம்மாள், மகன் ரித்விக், மருமகள் சைத்ரா நால்வரும் தரையிலிருந்து தொண்ணூறு அடி உயரத்தில் நலமாக இருக்கிறோம். அங்கு தரைமட்டத்தில் தங்கள் நலமும், அக்காவின் நலமும், அக்காவின் முட்டிவலியின் தற்போதைய நிலவரமும் அறிய ஆவல். நாம் வீட்டில் பேசுகிற தெலுங்கை நம் இரு குடும்பத்திலும் யாருக்கும் எழுதத் தெரியாத காரணத்தால் வழக்கம்போல் தமிழிலேயே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். ஆகவே இதைத் தாங்கள் மட்டும், முன்கதவைச் சாத்திக்கொண்டு படிக்கவும்.

கோபி வீட்டை விட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கே குடிவந்துவிடச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிப்பதாகவும், இந்த வயதில் வீடு மாறியவன் என்ற முறையில் நான் கற்ற பாடங்களை எழுதினால் அதைப் படித்துவிட்டு முடிவெடுப்பதாகவும் கேட்டிருந்தீர்கள். முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வர வேண்டாம். காரணங்கள் கீழே.

பீளமேட்டு வாடகை வீட்டில் இருபத்தாறு வருடம் இருந்தோம். ரித்விக் தன் ஆபீசுக்குப் பக்கத்தில் இந்த 903-ஆம் எண் வீட்டை வாங்கினான். கார்த்திகை 28, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும், அதை விட்டால் மார்கழி, மார்கழியில் குடிபோகக் கூடாது, அப்புறம் தையில்தான் என்று பீளமேட்டு ஜோசியர் சொல்லிவிட்டார். தவறினால் என்ன, ஒரு மாதம் பழைய வீட்டிலேயே இருந்துகொள்ளலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, அடுத்த குடித்தனக்காரர் எப்போது வரலாம் என்று கேட்க முடியாமல் கேட்டார். மனிதர் இவ்வளவு சங்கடப்படுகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லுங்கள், வேண்டுமானால் காலை ஏழு மணிக்கே வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர்களும் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். ஆக, பத்தேகாலுக்குள் பால் பொங்கவில்லை என்றால் எங்களுக்கு ஒரு மாதத்துக்கு வீடு கிடையாது. லாரி மட்டும் உண்டு. அதுவும் மத்தியானம் வரைக்கும்தான்.

சாமான் கட்டுவதில் நான் ஒழுங்கு செய்யப் பார்த்தேன். முப்பது வருடம் பம்ப்செட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன் அல்லவா, ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போட்டு, முக்கியமானவற்றின்மேல் மட்டும் ‘மிக அவசியம்’ என்று எழுதும்படி வெங்கடம்மாளிடம் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தேன். எழுபத்திரண்டு பெட்டிகளில் அறுபத்தெட்டின்மேல் ‘மிக அவசியம்’ என்று எழுதியிருந்தாள். மீதி நான்கும் என்னுடையவை.

எட்டு மணிக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டோம். இங்கே பார்த்தால் எங்களுக்கு முன்னால் ஐந்து லாரி நிற்கிறது. பில்டர் சாவி கொடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, மார்கழிக்கு முன்னால் கடைசி முகூர்த்தம் அதுதான், ஜோசியர்கள் வேறு வேறாக இருந்தாலும் பஞ்சாங்கம் ஒன்றுதானே. லிஃப்ட் இரண்டு, ஒன்று இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மாப்பிள்ளை வீட்டு சீர் மாதிரி நின்றது. முன்னால் வந்தவர்கள் ஒருவழியாக மேலே போய், ஒன்பது மணிக்கு லிஃப்ட் வாசலில் மிஞ்சியது நாங்களும், எங்களுக்கு எதிர்வீடான 904-க்கு வந்திருந்த லட்சுமணசாமி, பாவாத்தாள் தம்பதியும்தான். உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்தவர்கள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, பரம மரியாதைக்காரர்கள் என்று. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. நான் ஒதுங்கி நின்று அவரைப் போகச் சொன்னேன்.

“அட நீங்க போங்க. நாங்க அப்புறமேட்டுக்கு வாரமுங்க” என்றார் லட்சுமணசாமி.

“இல்லீங்க, நீங்க தொலைவுல இருந்து வந்திருக்கறீங்க. நீங்க மொதல்ல போங்க.”

“தொலைவென்னங்க, ரெண்டு மணி நேரமுங்க. உங்களுக்கு நேரமாகுதுங்களே.”

“உங்களுக்கும் அதே நேரந்தானுங்களே.”

இதற்குள் கதவு தானாகச் சாத்திக்கொண்டு லிஃப்ட் காலியாக மேலே போய்விட்டது. திரும்பி வந்தது. இந்த முறை அவர் முந்திக்கொண்டு ஒதுங்கினார். மறுபடியும் காலியாகப் போனது. பாவா, நாங்கள் இருவரும் பிடிவாதக்காரர்கள் இல்லை. ஆனால் எட்டு வருடமோ பத்து வருடமோ எதிரெதிர் வாசலில் இருக்கப் போகிறவர்கள், முதல் நாளே முண்டியடித்துக்கொண்டு ஏறினான் என்று பேர் வாங்கலாமா. ஐந்து தடவை லிஃப்ட் போய்வந்தது. கடைசியில் சமரசமாக, ஆளுக்கு முன் சாமானாவது போகட்டும் என்று நான் அவருடைய அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கி உள்ளே வைத்தேன். அவர் பதிலுக்கு எங்கள் பால் பாத்திரத்தையும் பாலையும் வைத்தார். வைத்துவிட்டு, மற்றவர் ஏறட்டும் என்று இருவரும் வெளியே வந்தோம். கதவு சாத்திக்கொண்டது. அடுப்பும் பாலும் ஆளில்லாமல் ஒன்பதாவது மாடிக்குப் புறப்பட்டன.

செக்யூரிட்டி இந்த ஊருக்குப் புதிது. லிஃப்ட் திரும்பத் திரும்ப ஆளில்லாமல் போய்வருவதைக் கண்டு, ஏதோ கோளாறு என்று கட்டடத்திலேயே இருந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டான். மெக்கானிக் மிகவும் கடமையுணர்ச்சி உள்ளவர். வந்ததும் லிஃப்டை நிறுத்திவிட்டார். சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார். லிஃப்டில் கோளாறு இல்லை, எங்களிடம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சிரமப்பட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று விட்டுவிட்டேன்.

மணி ஒன்பது இருபது. படியேறினோம். வெங்கடம்மாள் கையில் விளக்கு, பாவாத்தாள் கையில் உப்பும் மஞ்சளும், பின்னால் நாங்கள் இருவரும். ஒன்பது மாடி என்பது ஒன்றுமில்லை, பாவா, நடுவில் மனிதர்கள் இல்லாதிருந்தால். முந்திப் போன ஐந்து குடும்பங்களும் இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது, ஆறாவது, எட்டாவது மாடிகளில் பால் காய்ச்சி முடித்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்க டம்ளரோடு நின்றிருந்தார்கள். பால் காய்ச்சின வீட்டில் டம்ளரை வேண்டாம் என்றால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. குடித்தால் என் சர்க்கரைக்கு ஆகாது. அந்தக் குடும்பங்கள் நன்றாக இருக்கட்டும் என்று ஐந்து டம்ளரும் குடித்தேன். வெறுமனே குடித்துவிட்டும் வர முடியாது. ‘வந்தது வந்தீங்க, ஊட்ட ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க’ என்றார்கள். ஐந்து வீட்டிலும் அதே சமையலறை, அதே ஜன்னல், எங்கள் வீட்டிலும் அதேதான். வெங்கடம்மாள் ஐந்தையும் புதிதாகப் பார்ப்பவள்போல் பாராட்டினாள். எட்டாவது மாடியில் குழாயைக்கூடத் திறந்து பார்த்து நன்றாக வருகிறது என்றாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. முன்னமே மேலே போயிருந்த சைத்ராவும் ரித்விக்கும் லிஃப்டில் வந்தவற்றை எடுத்து நடையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. எங்களிடம் பால் இருக்கிறது, அடுப்பில்லை. எங்கள் அடுப்பு லாரியில், அறுபத்தெட்டு மிக அவசியங்களுக்கு அடியில். அவர்களிடம் அடுப்பு இருக்கிறது, பால் இல்லை. உடுமலையிலிருந்து சொந்த மாட்டுப் பால் கொண்டுவந்தது கீழே காரில். ஒன்பது மாடி இறங்கி ஏற நேரமில்லை, இறங்குவதற்குக் காலும் இல்லை.

பாவாத்தாள்தான் யோசனை சொன்னது. “ஏனுங் அம்மணி, ஒரே அடுப்புல, ஒரே பாலா காச்சிப்போடலாமுங்க. உங்க ஊட்லயே வெச்சுக்கலாம்.”

வெங்கடம்மாள் விடுவாளா. அடுப்பு உங்களது, அதனால் உங்கள் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்றாள். பால் உங்களது, அதனால் உங்கள் வீட்டில்தான் என்றார் அந்த அம்மாள். ரித்விக்கும் லட்சுமணசாமியும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு 904 வாசல்வரை போனார்கள். அங்கே லட்சுமணசாமி நின்று, இது சரியில்லை என்று திரும்பி 903-க்கு வந்தார். இங்கே நான் மறித்தேன். மறுபடி அங்கே. மணி பத்து ஆறு. சைத்ராவுக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல பெண்தான், பெங்களூரில் வளர்ந்தவள், அதனால் இந்த விஷயங்களில் கொஞ்சம் தெளிவு உண்டு.

“மாமா, அடுப்பு இப்ப எங்க இருக்குதோ அங்கியே கீழ வைங்க.”

வைத்தார்கள். அது இரண்டு வாசலுக்கும் நட்டநடுவே, பொது நடை. பற்றவைத்தாள். ஏழு பேர் கண்ணும் பாத்திரத்தின்மேல் (மெக்கானிக்கும் ஏதோ கேட்க மேலே வந்திருந்தார்). பால் நிதானமாக யோசித்தது. பத்து பதினான்குக்குப் பொங்கியது. வெங்கடம்மாள் கண்ணில் நீர் வந்துவிட்டது. மார்கழி முழுவதும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதில் ஐந்து டம்ளர் பாலின் பங்கும் இருக்கலாம்.

ஆனால் பொங்கிய பால் அங்கேயே நிற்கவில்லை. எங்கள் பக்கமும் வரவில்லை, அவர்கள் பக்கமும் போகவில்லை. நடையின் ஓரமாக, தெரிந்த இடத்துக்குப் போகிறமாதிரி, நேராகப் போய், யாரும் வாங்காமல் பூட்டிக் கிடக்கும் 902-ஆம் வீட்டின் கதவுக்கு அடியில் நுழைந்தது. பிறகு நான் மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். ஒரு மீட்டருக்கு நான்கு மில்லிமீட்டர் சரிவு. எங்கள் கம்பெனியாக இருந்தால் அந்தத் தளத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

“மகாலட்சுமி அந்தூட்டுக்குப் போயிட்டாளாட்டமிருக்குதுங்க” என்றார் பாவாத்தாள் மெதுவாக.

ஜோசியருக்குப் போன் போட்டோம். அன்றைக்கு அவருக்கு நாலு வீடு. எத்தனை மணிக்குப் பொங்கியது, கூரைக்கு அடியில்தானே என்று இரண்டே கேள்வி கேட்டார். நேரம் தப்பவில்லை, அந்த அடுப்பிலேயே முதல் சோற்றையும் வடித்து இரண்டு குடும்பமும் அந்த இடத்திலேயே சேர்ந்து சாப்பிட்டால் இரண்டு வீட்டுக்கும் சேரும் என்றார். 902 விஷயத்தில் தன்னால் ஒன்றும் சொல்வதற்கில்லை, அது அந்த வீட்டை வாங்கப்போகிறவரின் ஜாதகம் என்றார். அதன்பின் விளக்கை ஏற்றிக்கொண்டு இரண்டு பெண்களும் அவரவர் வாசலில் போய் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருத்தி முதலில் நுழையட்டும் என்று இன்னொருத்தி. சைத்ரா ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இருவரையும் ஒரே நொடியில் உள்ளே விட்டாள். மத்தியானம் நடையில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் சாப்பிட்டோம். லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லை என்று மெக்கானிக் சாப்பாட்டின் நடுவே வருத்தத்துடன் தெரிவித்தார்.

இதில் கற்க வேண்டிய பாடங்களைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம், நிறைய இருக்கின்றன. எனக்கு இன்னும் தீராதது ஒன்றுதான். வெங்கடம்மாளுக்கு 902-ஐக் கடக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. நம் பால் போன வீட்டு வாசல் வெறிச்சென்று இருக்கக் கூடாதாம். மார்கழி பிறந்த நாளிலிருந்து தினமும் எங்கள் வாசலுக்கு ஒரு கோலம், 902-க்கு அதைவிடப் பெரிதாக ஒரு கோலம். பூசணிப்பூவும் அங்கேதான் வைக்கிறாள். நமக்கென்று ஒரு வாசல் இருந்தும் ஆளில்லாத வாசலுக்கு அலங்காரம் செய்கிற நிலைமை தங்களுக்கு வேண்டாம், பாவா. கோபியில் தங்கள் சொந்த வீட்டில் பால் எந்தப் பக்கம் வழிந்தாலும் தங்கள் வீட்டுக்குள்தான் வழிகிறது. எனவே பிள்ளைகள் எவ்வளவு சொன்னாலும் அசைய வேண்டாம். அக்காவிடம் பேச்செடுக்கவும் வேண்டாம். அவளுக்கு ஆசை வந்துவிட்டால் நாம் இருவரும் சேர்ந்தும் தடுக்க முடியாது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசிகள். தாங்கள் இருக்கிற இடத்திலேயே எல்லா சௌபாக்கியங்களும் தேடிவந்து சேர வேண்டும் என்று இந்த உயரத்திலிருந்து வேண்டிக்கொள்ளும்,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
ராமுலு.

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது வெங்கடம்மாள் வந்து யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். சிரித்துவிட்டு அருகில் உட்கார்ந்துகொண்டாள்; அவள் இப்படி உட்கார்ந்தால் விஷயம் பெரிது. அன்று பால் பொங்கியதை அக்கா வீடியோ காலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். 902 வாசலில் பால் நுழைந்ததைக் கண்டதும், “பிறந்த வீட்டுப் பால் போன இடம், அதை இன்னொருத்தருக்கு விட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாளாம். தங்கள் பெரியவன் மறுநாளே வந்து 902-ஐப் பேசி முடித்துவிட்டான். தை எட்டு முகூர்த்தம். எனக்கும் தங்களுக்கும் தவிர எல்லோருக்கும் தெரியுமாம். தங்களிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பு எனக்கு என்று போன வாரமே முடிவு செய்துவிட்டார்களாம், அதுவும் எனக்குத் தெரியாது. ஆகவே மேலே எழுதியதில் மட்டக்கோல் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் தள்ளிவிடவும். சாமான் கட்டுவதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். கொஞ்ச நாளாக வீடு விசாலமாகிவிட்டதுபோல் தங்களுக்குத் தோன்றியிருக்கலாம். மாடி அறையைத் திறந்து பாருங்கள், எல்லாம் கட்டியாகிவிட்டது. தாங்கள் இப்போது உட்கார்ந்து இதைப் படிக்கும் நாற்காலி மட்டும்தான் பாக்கியாம். எழுந்ததும் அதையும் கட்டிவிடுவார்கள்.