சம்பூரணத்தின் ஆட்டோவும் பொய் சொல்லாத மெஷினும்

ஒரு காட்டில் புகை இருந்தது. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இந்தக் காட்டில் நெருப்பை யாரும் கண்டதில்லை, வண்டிகளைத்தான் கண்டார்கள். பன்றிக்கு ஒரு டெம்போ, நரிக்கு ஒரு பைக், கரடி முதலாளிக்குத் தேன் ஏற்றும் லாரி. சம்பூரணம் என்ற கழுதைக்கு ஒரு ஷேர் ஆட்டோ.

ஒருநாள் காலையில் சிங்கராஜா குகை வாசலில் நின்று கர்ஜிக்க வாயைத் திறந்தார். வந்தது இருமல். மந்திரிகள் அதற்கும் கை தட்டினார்கள் என்றாலும் ராஜாவுக்கு மானம் போய்விட்டது.

"எவன் வண்டிடா இப்படிப் புகை விடுது? புடிச்சே ஆகணும்" என்று உத்தரவு போட்டார்.

அதுவரை புகைச் சான்றிதழ் கொடுக்கிற வேலை நரியிடம் இருந்தது. நரி தங்கமானவர். வண்டியைக் கொண்டு வா, நிறுத்து, முறுக்கு என்றெல்லாம் யாரையும் படுத்தமாட்டார். நம்பரைச் சொன்னால் சான்றிதழ் வீடு தேடி வரும். அந்தக் கடையை மூடிவிட்டு, கடல் கடந்த காட்டிலிருந்து ஒரு மெஷினை வரவழைத்தார்கள்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சந்தைக்குப் போகும் மேட்டுச் சாலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பம், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கோடு. வண்டி தாண்டியதும் அது விட்ட புகையை ஒளி முகர்ந்து பார்க்கும். கண் சிமிட்டும் நேரம் கழித்துக் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். சுத்தமென்றால் பச்சை, அழுக்கென்றால் சிவப்பு என்று செல்போனுக்குச் செய்தி வந்துவிடும். வண்டியை நிறுத்த வேண்டாம், ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், அதனால் யாரும் கை நீட்டவும் வேண்டாம். மூன்று சிவப்பு விழுந்தால் ஆள் ஏற்றும் பெர்மிட் ரத்து. அப்புறம் ஒரு பச்சை விழுந்தால் திரும்பக் கிடைக்கும். மெஷினுக்கு அதிகாரியாகக் கொக்கைப் போட்டார்கள். ஒரே இடத்தில் ஒற்றைக் காலில் நிற்க அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இந்த மெஷின் வந்ததில் காட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் சம்பூரணம்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும், அவளுக்குப் பெட்ரோல் வாசனையும் டீசல் வாசனையும் அத்துப்படி. வண்டி கொஞ்சம் மக்கர் செய்தாலும் மரங்கொத்தி மெக்கானிக்கிடம் ஓடிவிடுவாள். அவள் சைலன்சர் வாயில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டாலும் கறை படாது. 'இனிமேல் யார் யோக்கியம் என்று தெரிந்துவிடும்' என்று நினைத்துக்கொண்டாள் பாவி.

முதல் நாளே அவளுக்குச் சிவப்பு விழுந்தது.

மரங்கொத்தி இஞ்சினைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "வண்டி கொழந்த மாதிரி இருக்குக்கா. ஒரு கொறையும் இல்ல" என்றான். மறுநாளும் சிவப்பு. சம்பூரணம் நேராகக் கொக்கிடம் போனாள்.

"சார், என் வண்டி புகையே விடாது சார்."

"மெஷின் பொய் சொல்லாதும்மா. நெருப்பில்லாமப் புகையுமா?" என்று கொக்கு படத்தைக் காட்டினார். படம் முழுக்கக் கன்னங்கரேலென்று புகை. அதற்கு நடுவில் அவள் நம்பர் பிளேட் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இது எனக்கு முன்னால போன கரடி மொதலாளி லாரிப் புகை சார். லாரி விட்டுட்டுப் போயிடுது. உங்க மெஷின் புகையைப் பார்த்துட்டு நம்பரைப் படம் புடிக்கறதுக்குள்ள நான் வந்து மாட்டிக்கறேன்."

"கரடி வண்டி நம்பர் எங்கேயாவது இருக்கா இதுல? இல்லையே! வெளிநாட்டு மெஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

சம்பூரணத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூன்றாவது நாள் லாரியை முன்னே விட்டுவிட்டுத் தள்ளியே வரப் பார்த்தாள். மேட்டில் லாரி மூச்சு வாங்கி ஊர்ந்தது. பின்னால் பன்றி ஹாரனை அழுத்திக்கொண்டே நெருக்கினார். ஒதுங்க இடமில்லாத சாலை. கோட்டருகே கரும்புகை கவிந்தது, அதற்குள் ஆட்டோ நுழைந்தது, செல்போன் கத்தியது. பெர்மிட் போயிற்று.

அன்று ஆட்டோவில் இருந்தவள் பூங்காவனம் என்ற முயல். தினமும் அருகம்புல் கட்டோடு சந்தைக்குப் போய் வந்து நாலு வயிற்றை நிரப்புகிறவள். "நாளைலேருந்து நான் எதுலக்கா போவேன்?" என்று கேட்டாள்.

மறுநாள் மேட்டுச் சாலையில் ஆட்டோ இல்லை. லாரி தனியாகப் போயிற்று. கரடி முதலாளிக்கு வாழ்க்கையில் முதல் சிவப்பு விழுந்தது. சாயங்காலமே அவர் சம்பூரணத்தின் வீட்டு வாசலில் நின்றார்.

"ஏம்மா, இன்னிக்கு வண்டி எடுக்கலையா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"பெர்மிட்டு போச்சுங்க மொதலாளி."

"அட, போனது நல்லதாப் போச்சு! ரத்தான பெர்மிட்ட மறுபடி யாராவது ரத்து பண்ண முடியுமா? இனி உனக்குப் பயமே இல்ல. ஆளு யாரையும் ஏத்தாத. தினமும் என் லாரிக்குப் பின்னாலயே சும்மா வா. மாசச் சம்பளம் தர்றேன்."

சம்பூரணம் அன்று இரவு சாப்பிடவில்லை. ஆனால் பசி கொள்கையைக் கேட்டுக்கொண்டா வருகிறது? மறுநாளிலிருந்து காலி ஆட்டோவை ஓட்டிக்கொண்டு லாரியின் வாலைப் பிடித்தே போனாள். லாரிக்குப் பச்சை, அவளுக்குச் சிவப்பு. இந்த ஏற்பாடு பிடித்துப்போய், பன்றியும் தன் டெம்போவுக்கு ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டார். பின்னால் வருவதே காட்டில் ஒரு பிழைப்பாகிவிட்டது.

பூங்காவனம் புல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அதே சாலையோரமாக இருமிக்கொண்டு நடந்தாள்.

"அக்கா, காலியாத்தானே போறீங்க. ஏத்திக்கங்களேன்."

"பெர்மிட்டு இல்லடி பூங்காவனம்."

இதைச் சொல்லும்போதெல்லாம் சம்பூரணத்துக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

இப்படி இருக்கையில் ஒருநாள் லாரி அச்சு முறிந்து பட்டறையில் படுத்துவிட்டது. அது தெரியாமல், லாரி முன்னே போய்விட்டது என்று நினைத்துச் சம்பூரணம் தன்னந்தனியாகக் கோட்டைத் தாண்டினாள். செல்போன் கத்தியது. பச்சை!

வண்டியை ஓரங்கட்டி அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கண்ணில் நீர் முட்டியது. உண்மை உறங்குவதில்லை, கடைசியில் வெளிச்சத்துக்கு வந்தே தீரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது சரிதான் போலிருக்கிறது. பெர்மிட் வந்துவிடும், நாளைக்கே பூங்காவனத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்று துள்ளிக்கொண்டு கொக்கிடம் ஓடினாள். இந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம், நன்றாகத் தூக்கம் வரும்.

கொக்கு செய்தியைப் படித்தார். அவர் முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெள்ளை என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை.

"ஐயையோ! மெஷின் கெட்டுப்போச்சே!"

"மெஷின் பொய் சொல்லாதுன்னீங்களே சார்?"

"பொய் சொல்லலம்மா, அதுக்கு உடம்புக்கு முடியல. இத்தனை சிவப்பு வாங்கின வண்டிக்குப் போய்ப் பச்சை போட்டிருக்கே! ராஜாவுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். நீ வண்டிய எடு, சரிபார்க்கணும். காட்டுலயே நம்பகமான அழுக்கு வண்டி உன்னுதுதான்."

சம்பூரணம் கோட்டைத் தாண்டினாள். பச்சை. கொக்கு மெஷினைத் திறந்து அலகால் ஒரு திருகாணியைத் திருகினார். மறுபடி தாண்டச் சொன்னார். மறுபடியும் பச்சை. இன்னும் திருகினார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை அவள் போய் வந்தாள், அவர் திருகினார். கடைசியில், ஒரு பொட்டுப் புகை இல்லாத அந்த ஆட்டோவுக்குச் சிவப்பு விழுந்தது.

"அப்பாடா, சரியாயிடுச்சு!" என்று கொக்கு காலை மாற்றிக்கொண்டு நின்றார்.

லாரி பட்டறையிலிருந்து வந்ததும், ஆட்டோ வந்து சேருவதற்கு முன்பே கோட்டைத் தனியாகத் தாண்டியது. வழக்கம்போல் அமாவாசையைக் கக்கிக்கொண்டு போயிற்று. பச்சை விழுந்தது. பன்றிக்கும் பச்சை. சைக்கிளில் போன ஆமைக்குச் சிவப்பு.

"இனிமே நீ பின்னால வர வேணாம்மா. என் லாரி தானாவே சுத்தமாயிடுச்சு" என்று கரடி முதலாளி சொல்லிவிட்டார். பெர்மிட்டும் இல்லை, சம்பளமும் இல்லை. சம்பூரணம் வெகுநேரம் அந்த மேட்டிலேயே உட்கார்ந்து, போகிற வண்டிகளையும் விழுகிற பச்சைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நேராக மரங்கொத்தியிடம் போனாள்.

"தம்பி, வண்டி புகையணும்."

"என்னக்கா சொல்றீங்க? கொழந்த மாதிரி வெச்சிருக்கிற வண்டி!"

"கொழந்தைக்குப் பொழைக்கத் தெரிய வேணாமா? கேட்டதைச் செய்."

மரங்கொத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்ரோலில் மண்ணெண்ணெயைக் கலந்தான். காற்றுப் போகிற வழியில் கந்தல் துணியை அடைத்தான். ஆட்டோ செருமியது, திணறியது, பிறகு கரடி லாரியே வெட்கப்படும்படி கக்கிற்று. கோட்டைத் தாண்டியதும் பச்சை விழுந்தது. கொக்கு பெர்மிட்டை அவளிடம் கொடுத்து, "பார்த்தியா, மனசு வெச்சா யாரும் திருந்தலாம்" என்று வாழ்த்தினார்.

ஆண்டறிக்கையில் காட்டில் புகையே இல்லை என்று வந்தது. ராஜா இருமிக்கொண்டே கரடி முதலாளிக்குப் பசுமைப் பதக்கம் அணிவித்தார். இருமல் பரம்பரை வியாதி என்று ஆந்தை வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பூங்காவனம் மறுபடி ஆட்டோவில் ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா இது, உங்க வண்டியில இப்படிப் புகை வந்ததே இல்லையே?"

"பேசாம வாடி" என்றாள் சம்பூரணம். "இப்பத்தான் சுத்தமாயிருக்கு."

நீதி: மெஷின் பொய் சொல்லாது. அதற்குச் சொல்லத் தெரியாது என்பதால்தான் பக்கத்தில் ஓர் அதிகாரியை நிறுத்தியிருக்கிறார்கள்.