அத்தானின் இன்ஜினும் என் ரேடியேட்டரும்

அரைகுறையாகப் படித்தவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. ஒன்றும் தெரியாதவன் பயந்து விலகிவிடுவான். நன்றாகத் தெரிந்தவன் யோசிப்பான். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன்தான் உடனே போல்ட்டைக் கழற்ற ஆரம்பிப்பான். எழுபதுகளின் நடுவில், பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில், தூத்துக்குடியில் அந்த நடு ஆள் நான்.

எங்கள் வகுப்புக்குக் கோ-கார்ட் பைத்தியம் பிடித்திருந்த வருடம் அது. நாலு சின்னச் சக்கரம், இரும்புக் குழாயில் ஒரு சட்டம், உட்கார ஒரு தகரம், பின்னால் ஒரு இன்ஜின். தரைக்கு ஒரு சாண் மேலே பறக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்பளத்தை ஒட்டிய காய்ந்த தரையில் பந்தயம் என்று முடிவாயிற்று. மற்றவர்கள் ஸ்கூட்டர் இன்ஜின் வைத்திருந்தார்கள். என்னை நம்பி யாரும் ஸ்கூட்டர் தரவில்லை (புத்திசாலிகள்). ஆகவே, "காத்துல ஆறுத இன்ஜினெல்லாம் பழசுலே. நம்ம வண்டி வாட்டர் கூலிங்" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். சொன்னபோது என்னிடம் இன்ஜினும் இல்லை, வாட்டரும் இல்லை.

இன்ஜின் இருந்தது அந்தோணி அத்தானிடம், அதாவது என் ரோஸ்லின் அக்காவின் கணவரிடம். அவருடைய வள்ளத்தில் பூட்டியிருந்த சின்னப் பெட்ரோல் இன்ஜின். ஒரு குழாய் வழியாகக் கடல் தண்ணீரை இழுத்து, தன் சூட்டைத் தணித்துக்கொண்டு, இன்னொரு குழாய் வழியாகக் கடலிலேயே துப்பிவிடும். எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. மாதா கோவில் பூசை, கறிச்சோறு, தூக்கம். அன்று முழுக்க இன்ஜின் சும்மாதானே கிடக்கிறது என்று அக்காவைப் பிடித்துக் கெஞ்சினேன். அக்கா அத்தானைப் பிடித்தாள்.

"ஏலே சேவியர், நாலு வீட்டுக்குச் சோறு போடுத இன்ஜினு இது," என்றார் அத்தான். "திங்கக்கிழமை விடியதுக்குள்ள வள்ளத்துல இருக்கணும்."

"இருக்கும் அத்தான். நான் படிக்குததே இதுதானே?"

(இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது.)

தரையில் ஓடும் வண்டிக்குக் கடல் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் ரேடியேட்டர். பழைய இரும்புக் கடை அண்ணாச்சி ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றியதைக் கொடுத்தார். ஜன்னல் கதவு அளவு இருந்தது. ஞாயிறு காலை, ஊரே பூசையில் இருக்க, நானும் வகுப்புத் தோழன் ராஜாமணியும் அதை வண்டியில் பொருத்த உட்கார்ந்தோம். முன்னால் வைத்தால் கால் நீட்ட இடமில்லை. பின்னால் வைத்தால் காற்றுப் படவில்லை. இருக்கைக்கு இடது பக்கம் வைத்தால் முழங்கை இடித்தது. ஹோஸ் எட்டவில்லை, எட்டிய ஹோஸுக்குக் கிளிப் சேரவில்லை, சேர்ந்த ஒரே கிளிப்பும் என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அந்த மூன்று மணி நேரத்தில் நான் திட்டிய திட்டுக்குச் சாமியாரிடம் தனியாக ஒரு பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும்.

ராஜாமணி வெல்டிங் பட்டறைக்காரர் மகன். விஷயம் தெரிந்தவன். "நிமித்தி வையிலே. ரேடியேட்டர் தலை இன்ஜின் தலைக்கு மேல நிக்கணும். இல்லன்னா உள்ள காத்து அடைச்சுக்கிடும், தண்ணி மேல ஏறாது."

"நிமித்தி வச்சா எதிர்காத்து பிடிச்சு இழுக்கும்லே. ரேஸ் வண்டி தாழ்வா இருக்கணும்."

"நீ போற வேகத்துக்கு எந்தக் காத்துலே வந்து எதிர்க்கப் போவுது?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது; எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். ரேடியேட்டரை இடது பக்கம் தாழ்வாகப் படுக்க வைத்து நாலு போல்ட் அடித்தேன். பார்க்க வெகு அழகாக இருந்தது.

முதல் சுற்றில் நான் இரண்டாவதாக வந்தேன் (ஓடியது மூன்று வண்டி). இரண்டாம் சுற்றில் ரேடியேட்டர் மூடி வானத்துக்குப் போயிற்று. இடது முழங்கையெல்லாம் ஆவி. வண்டியை நிறுத்திப் பார்த்தால் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. குடிக்கவே தண்ணீருக்கு அலைகிற ஊரில், உப்பளத்து நடுவில், நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? ஆனால் பக்கத்து உப்புப் பாத்தியில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது.

"கடல் தண்ணி குடிச்சு வளந்த இன்ஜின்தானலே," என்றபடி தகர டின்னை எடுத்தேன்.

"அது கடலு. இது பாத்தித் தண்ணி. நாளைக்கு உப்பாவப் போறதுலே," என்று ராஜாமணி கத்தினான். இன்ஜின் ஆறக்கூட விடாமல் இரண்டு டின் ஊற்றிக் கிளப்பிக்கொண்டு போனேன்.

அரைச் சுற்று. பிறகு இன்ஜின் உள்ளே ஏதோ கிரீச்சிட்டது. பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ள, வண்டி என்னைத் தனியாக அனுப்பி வைத்தது. எழுந்து வந்து பார்த்தேன். ரேடியேட்டருக்குள், ஹோஸுக்குள், எங்கும் வெள்ளை. தூத்துக்குடியில் எல்லாரும் வெயிலில் உப்பு எடுக்கிறார்கள். பெட்ரோல் போட்டு எடுத்தவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம் இன்ஜினையும் ரேடியேட்டரையும் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்: "பூசைக்கும் மட்டம் போட்டுட்டு, என் குடும்பத்துக்கே உலை வச்சிட்டு வந்து நிக்கான் பாரு!" அத்தான் கைவண்டியிடம் குனிந்தார். இன்ஜினைச் சுற்ற முயன்றார். அசையவில்லை. ரேடியேட்டர் வாயில் விரலை விட்டு எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல உப்பு," என்றார். "நாளைக்கு நீயும் வா."

திங்கட்கிழமை விடியலில் மற்ற வள்ளங்கள் படபடவென்று போய் மறைந்தன. அத்தானும் அவர் ஆட்களும் பரணில் கிடந்த பழைய பாய்மரப் பாயை இறக்கிக் கட்டினார்கள். நாலு பேரில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. அதற்குப் பதில் திட்டியிருக்கலாம், அவ்வளவு வெட்கமாக இருந்தது. இன்ஜின் சரியாகி வரப் பன்னிரண்டு நாள். பூசை நாள் போக மற்ற நாளெல்லாம் நான் துடுப்புப் போட்டேன், வாந்தி எடுத்தேன், மறுபடி துடுப்புப் போட்டேன். கடைசியாகக் கரைக்கு வந்து மிச்சமிருந்த வியாபாரியிடம் கிடைத்த விலைக்கு மீனைக் கொடுக்கிற அத்தானின் முகத்தைத் தினமும் பார்த்தேன்.

இன்ஜின் திரும்பி வந்த வாரத்திலிருந்து அத்தான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை கரை சேர்ந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையின் பையில் வைத்துக்கொள்வார். பிளக் இல்லாத இன்ஜினை எந்த மச்சினனாலும் கிளப்ப முடியாது. பையில் படிந்த கரிக் கறை போகவில்லை என்று அக்கா என்னைத்தான் வைவாள். நான் டிப்ளமோ முடித்தேன், பெரிய ஆலையில் வேலை பார்த்தேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். அத்தான் தொழிலை விட்டு வருடங்கள் ஆகின்றன. மகன்களின் படகில் டீசல் இன்ஜின். அதில் கழற்றப் பிளக்கே கிடையாது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வீட்டு வாசலில் காலை வைத்தால் அத்தானின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போகிறது. அவரைப் போலவே மகன்கள், மருமகள்கள், பேரன்கள் எல்லாரும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "வாங்க மாமா", "வாங்க தாத்தா" என்கிறார்கள்.

போன மாதம் போயிருந்தேன். இன்னும் பேச்சு வராத கொள்ளுப்பேத்தி ஒன்று, பையே இல்லாத கவுனைப் போட்டுக்கொண்டு, என்னைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்தது.