கொட்டிலுக்குள் சித்தப்பா

ஜெயரூபன் ஒரு பிடி வெங்காயத்தை மூக்கோடு சேர்த்து வைத்து ஆழமாக இழுத்தான். பிறகு தலையை ஆட்டினான்.

“ஒரு மணமும் இல்லை, அண்ணை.”

கேதீஸ்வரன் தானும் மணந்து பார்க்கக் கையை நீட்டியவன், பாதியில் இழுத்துக்கொண்டான். தம்பியின் மற்றக் கையில் பாமசியில் வாங்கிய கொரோனாச் சோதனை அட்டை இருந்தது. அதில் இரண்டு கோடுகள். இரண்டாவது கோடு முதலாவதை விடத் தடிப்பு.

முற்றத்தில் வினோஜாவும் சின்னவள் தர்சிகாவும் சப்பாத்து, மாஸ்க், சாப்பாட்டுப் பெட்டி சகிதம் நின்றார்கள். அவர்களைத் தினமும் மோட்டார்சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவது சித்தப்பா ஜெயரூபன்தான். முப்பத்தைந்து வயதாகியும் கலியாணம் கட்டாத மனிதனுக்குக் காலையில் வேறு வேலை இருக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து மூன்று கிழமைதான் ஆகிறது. அதற்கு முந்திய ஒன்றரை வருடமும் சூம் வகுப்பு. தண்ணீர்த் தாங்கியில் ஏறினால்தான் சிக்னல் வரும். வினோஜா புலமைப்பரிசில் பாடம் முழுவதையும் தாங்கியின் மேல் இருந்தே படித்தாள். தாய் உதயகலா கீழே ஏணியைப் பிடித்தபடி நின்றாள். பண்டத்தரிப்பில் ஏணி பிடித்தே ஒன்றரை வருடம் கழித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

“சுகாதாரப் பகுதியிலையிருந்து பி.எச்.ஐ வந்து கேற்றிலை நோட்டீசு ஒட்டினால் பதினாலு நாளைக்கு எல்லாரும் உள்ளுக்கை,” என்றான் கேதீஸ்வரன்.

“ஒட்டட்டும். நான் சாவகச்சேரிக்கு அம்மா வீட்டை போறன். பிள்ளையளையும் ஏணியையும் நீங்கள் பாருங்கோ,” என்றாள் உதயகலா.

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. பகிடி விடும் பழக்கம் ஏணியோடு போய்விட்டது.

“அப்ப பிள்ளையளை அனுப்பலாம் எண்டுறீரோ?”

“நேற்று வரைக்கும் தம்பியின்ரை முதுகுக்குப் பின்னாலைதானே இருந்து போனவை. முதுகாலை வராது.”

இதைவிட மோசமான வைத்திய ஆலோசனையைக் கேதீஸ்வரன் ஃபேஸ்புக்கில் படித்திருக்கிறான். சரியென்று தலையாட்டினான்.

ஜெயரூபன் வளவின் பின்பக்கம் இருந்த வெங்காயக் கொட்டிலுக்கு மாற்றப்பட்டான். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு வாளி. தலைக்கு மேல் வெங்காயப் பிடிகள் வரிசையாகத் தொங்கின. மணக்காத மனிதனுக்கு அது ஒரு சுகமான அறைதான்.

கொட்டிலுக்குள் போன கையோடு அவன் போனை எடுத்தான். கேதீஸ்வரன் குறட்டால் அதைப் பிடுங்கி, பொலித்தீன் பையில் போட்டு, அணைத்தான்.

“நீ உதிலை என்னத்தையாவது போடுவாய். ஊருக்கே தெரியவரும்.”

“ஒண்டும் போடமாட்டன். ஒரே ஒரு கோல் எடுக்கவேணும் அண்ணை.”

“ஆருக்கு?”

“ஒருத்தருக்கும் இல்லை.”

“ஒருத்தருக்கும் எடுக்காத கோலுக்கு என்னத்துக்கடா போன்?”

போன் அலுமாரிக்குள் போனது. பூட்டிய திறப்பு உதயகலாவின் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் போனது.

அன்றைக்குக் கேதீஸ்வரனே பிள்ளைகளை ஏற்றிப்போனான். வழியில் பாடம் நடத்தினான்.

“சித்தப்பா எங்கை எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுவியள்?”

“கொழும்புக்குப் போட்டார்.”

“கெட்டிக்காரியள்.”

மத்தியானம் வினோஜா செய்தியோடு வந்தாள்.

“அப்பா, எங்கடை பிரசாந்தி ரீச்சர் கேட்டவா, ஏன் சித்தப்பா வரேல்லை எண்டு. கொழும்பு எண்டன். ஆரோடை போனவர், ஏன் போன் வேலை செய்யேல்லை, எப்ப வருவார் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவா.”

கேதீஸ்வரன் கேற்றைச் சாத்திவிட்டு வந்தான். “மணந்து பிடிச்சிட்டா. பி.எச்.ஐக்குச் சொல்லப்போறா.”

“ஆர் உங்களுக்குக் கொழும்பு எண்டு சொல்லச் சொன்னது?” என்றாள் உதயகலா. “கொரோனாவே அங்கையிருந்துதானே வருது. ஆசுப்பத்திரியிலை அப்பெண்டிக்ஸ் ஒப்பரேசன் எண்டு சொல்லியிருக்கலாம். அது ஒருத்தருக்கும் தொத்தாது.”

அடுத்த நாள் சித்தப்பா கொழும்பிலிருந்து திரும்பி, நேரே ஒப்பரேசன் மேசையில் படுத்தார். ரீச்சரின் கேள்விகள் இரட்டித்தன. எந்த ஆசுப்பத்திரி, எந்த வாட்டு, பார்க்க விடுவார்களா, சோறு சாப்பிடலாமா, சூப் மட்டும்தானா.

“சூப் கேக்கிறாவோ? விசாரணைதான். சந்தேகமே இல்லை,” என்றான் கேதீஸ்வரன். “நாளைக்கு, அங்கை ஒருத்தரையும் பாக்க விடமாட்டினமாம் எண்டு சொல்லு.”

வினோஜா அதையும் சொன்னாள். ரீச்சர் இடைவேளையில் சாப்பிடாமல் யன்னலடியில் நின்றாவாம்.

கொட்டிலில் ஜெயரூபனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. போன் ஆசை விடவில்லை. சாப்பாட்டுக் கோப்பை வைக்க வரும் ஒவ்வொரு தடவையும் கெஞ்சினான். “அண்ணி, ஒரு மெசேச். ஒரு சொல்லு.”

“போனுக்கு அடிமையாய்ப் போனான்,” என்று உதயகலா புருசனிடம் சொன்னாள். “இதுக்கும் ஒரு மருந்து வேணும்.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பிள்ளைகளும் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். தர்சிகாவின் வாயில் ரொபி இருந்தது. வினோஜாவின் கண் சிவந்திருந்தது.

“ஏன் வெள்ளன வந்தனியள்?”

“போகச் சொன்னவை. துடக்காம்.”

“என்ன துடக்கு?”

வினோஜா சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னாள். “ரீச்சர் ஒவ்வொரு நாளும் கேக்கிறா அப்பா. எனக்கு அலுத்துப்போச்சு. செத்துப்போனார் எண்டு சொன்னால் பிறகு கேக்கமாட்டா எண்டு நினைச்சன்.”

கேதீஸ்வரன் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தான்.

“ரீச்சர் அழுதவா. பிறகு வகுப்பு முழுக்க அழுதது. அதைப் பாத்து நானும் அழுதனான்.”

“எனக்கு ரொபி தந்தவை,” என்றாள் தர்சிகா.

“இரக்கமான மனுசி போல,” என்றாள் உதயகலா. அதற்குள் கேதீஸ்வரனின் போன் அடித்தது. அதிபர் சீவரத்தினம். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளையாருக்குப் பூ வைக்காமல் தேத்தண்ணி குடிக்காத மனிதர்.

“தம்பி கேதீஸ், கேள்விப்பட்டு இடிஞ்சுபோனன். பாவம், இளம் வயசு. ஆனால் பிள்ளையளை நீர் இண்டைக்கு அனுப்பியிருக்கக்கூடாது. தகப்பன்ரை கூடப்பிறந்தவர், செத்தவீட்டுத் துடக்கெல்லோ. வளவுக்குள்ளை பிள்ளையார் இருக்கிறார். அந்தியேட்டி முடியட்டும். முப்பத்தொண்டு கழிச்சு அனுப்பும்.”

போனுக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்த உதயகலாவின் முகம் போன போக்கைக் கேதீஸ்வரன் பார்த்தான்.

“கொரோனா எண்டு சொல்லியிருந்தால் பதினாலோடை போயிருக்கும்,” என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“நாங்கள் மலர்வளையத்தோடை வெளிக்கிட்டிட்டம்,” என்றார் அதிபர். “எத்தினை மணிக்குப் பிரேதம் எடுக்கிறது?”

“சேர், வரவேண்டாம். பிரேதம் வீட்டை தரேல்லை. அங்கையே…”

அந்த நாட்களில் பிரேதத்தை வீட்டுக்குக் கொடுக்காததற்கு ஒரே காரணம்தான் இருந்தது.

“அப்ப… கொரோனாவோ?”

“சீச்சீ, இல்லைச் சேர். வீட்டைதான். வீட்டைதான் கிடக்கிறான்.”

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே விளங்கியது.

உதயகலா ஏற்கெனவே வெள்ளைச் சீலை தேடிக்கொண்டிருந்தாள். “ஒரு அரை மணித்தியாலம் படுக்கச் சொல்லுங்கோ. மூச்சை மெல்லமாய் விடட்டும்.”

“விசரோ உமக்கு? வாறவைக்குத் தொத்திப்போடும்.”

“மாஸ்க் போட்டுவிடுவம்.”

“பிரேதத்துக்கு மாஸ்க் போட்டால் கொரோனாவிலை செத்தவன் எண்டு நினைப்பினம்.”

“போடாட்டித் தொத்தும் எண்டுறியள்.”

இருவரும் கொட்டிலுக்குப் போய், வாசலில் ஆறடி தள்ளி நின்று, நடந்ததைச் சொன்னார்கள். ஜெயரூபன் பாயில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“நான் செத்துப்போனனோ?”

“அரை மணித்தியாலத்துக்குத்தான்.”

“செத்தாலாவது போனைத் தருவியோ அண்ணை?”

அவன் கேட்டு முடிக்கவில்லை. கேற்றடியில் ஓட்டோ வந்து நின்றது. அதிபர் சீவரத்தினம் மாஸ்க்குக்கு மேல் கண்ணைத் துடைத்தபடி இறங்கினார். பின்னால் பிரசாந்தி ரீச்சர். தன் உயரத்துக்கு ஒரு மலர்வளையத்தைக் கட்டிப்பிடித்திருந்தாள். ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்ற ஊதா ரிபன் அவள் காலில் சிக்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அழுகை அப்படி.

அந்த அழுகைச் சத்தத்துக்கு ஜெயரூபன் பாண் துண்டோடு எழும்பி, சாறத்தை இறுக்கிக்கொண்டு கொட்டில் வாசலுக்கு வந்து நின்றான்.

அதிபர் “முருகா” என்று பின்னால் இரண்டடி வைத்தார். மலர்வளையம் முற்றத்தில் விழுந்து, உருண்டு, தண்ணீர்த் தாங்கியில் முட்டிப் படுத்தது.

இனி எதைச் சொன்னாலும் அது போன பொய்யைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். கேதீஸ்வரனிடம் அவ்வளவு பெரிய பொய் கையிருப்பில் இல்லை.

“சேர், அவன் சாகேல்லை. அவனுக்குக் கொரோனா. தெரிஞ்சால் பிள்ளையளை மறிச்சுப்போடுவியள் எண்டு…”

அதிபரின் துக்கம் கோபமாக மாற ஒரு மூச்சுப் போதுமாக இருந்தது.

“வெக்கமில்லையோ உமக்கு? வருத்தக்கார வீட்டிலையிருந்து நாலு நாளாய்ப் பிள்ளையளை அனுப்பியிருக்கிறீர். என்ரை பள்ளிக்கூடத்திலை இண்டைவரைக்கும் ஒரு ஆளுக்கும் வரேல்லை. ஒரு ஆளுக்கும். அப்பிடிக் கட்டிக் காத்து வைச்ச இடத்துக்கு உம்மடை வீட்டாலை கொண்டுவந்து…”

பிரசாந்தி ரீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கொட்டில் வாசலில் நின்றவனை மேலும் கீழும் பார்த்து, உயிரோடுதான் இருக்கிறான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அதிபர் பக்கம் திரும்பினாள்.

“அவையளை ஏசாதையுங்கோ சேர். போன கிழமை நான் லீவு போட்டது வயித்துக்குத்துக்கு இல்லை, உந்தக் கொரோனாவுக்குத்தான். இவருக்கும் என்னாலை தொத்திப்போச்சோ எண்டு அறியத்தான் நான் ஒவ்வொரு நாளும் பிள்ளையிட்டைக் கேட்டனான்.”