தபால் வண்டிக்கு முன்னால் போனவர்

ரயில் கால அட்டவணையைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுத ஆளை அந்த அச்சகத்தின் பிழைதிருத்தும் பிரிவு அதற்கு முன் பார்த்ததில்லை.

எதிர் சீட் அக்காதான் முதலில் கவனித்தாள்.

"என்னம்மா ஆச்சு? நாற்பத்தேழாம் பக்கமா? அதுல எல்லா வண்டியும் நேரத்துக்குத்தானே வருது?"

புதிதாகச் சேர்ந்த அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாள்களை இழுத்து மூடினாள். அட்டவணையின் அகலமான தாள்களுக்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் ஒளிந்திருந்தது. வடக்கே, வரைபடத்தில் ஊர்ப்பெயர்களே தீர்ந்துபோகும் இடத்தில், பனியில் தபால் வண்டி இழுக்கும் நாய்களின் கதை. பதினேழாவது அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் உறைந்த ஆறு விரிசல் விட்டது. எட்டு நாய்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த சாம்பல் என்ற தலைமை நாய் தண்ணீருக்குள் போய்விட்டது. மற்ற எட்டையும் காப்பாற்ற, வண்டிக்காரனே கத்தியை எடுத்து அதன் வாரை அறுத்துவிட்டான்.

மூன்று வாரமாக அவள் அந்த நாயோடுதான் குடித்தனம் நடத்தினாள். கீழ்த்தளத்து இயந்திரச் சூட்டில் மின்விசிறியே வியர்க்கும் அறை அது. அவளுக்கு மட்டும் அங்கே மூக்கு நுனி சில்லிட்டிருக்கும்.

சுவரில் முதலாளி கையெழுத்திட்ட அறிவிப்பு தொங்கியது. புரூஃப் தவிர வேறு எதையும் வாசிப்பவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார். போன மாதம் ஒருவர் குறுக்கெழுத்துப் போட்டியோடு பிடிபட்டு, கட்டங்கள் நிரம்பும் முன்பே வீடு போய்ச் சேர்ந்தார். இரண்டு வருஷம் செருப்புத் தேய அலைந்து அவளுக்குக் கிடைத்த வேலை இது. வெள்ளிக்கிழமையோடு தகுதிகாண் காலம் முடிகிறது. முதலாளி கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். இன்று புதன்.

"ஒருத்தர் இறந்துட்டார்க்கா" என்றாள். அது பொய்யில்லை என்பது அவளுடைய எண்ணம்.

அங்கேதான் வினை பிடித்தது. பிழைதிருத்துகிறவர்களிடம் எதையும் அரைகுறையாகச் சொல்லக் கூடாது.

"அடடா. யாரும்மா, சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்."

"எவ்வளவு தூரம்?"

"ரொம்ப தூரம்க்கா. வடக்க."

அதற்குள் தலைமைப் பிழைதிருத்துநர் எழுந்து வந்துவிட்டார். எந்தப் பேச்சும் அவரோடு முடிந்துவிடும் என்பதால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். நேரில் எல்லோருக்கும் சார்.

"என்ன வேலை பார்த்தார்?"

நாவலில் இல்லாததைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. பொய்யில் அவள் சின்ன வயசிலிருந்தே வீக்.

"தபால் வண்டி, சார்."

"டிரைவரா?"

"இல்ல சார். வண்டிக்கு முன்னால போறவர்."

"பெரிய பொறுப்பாச்சே. எப்படிப் போனார்?"

"ஆத்துல விழுந்துட்டார்."

"தபால் பை?"

"பைக்கு ஒண்ணும் ஆகல சார். கூட வந்த எட்டுப் பேருக்கும் ஒண்ணும் ஆகல. இவர் மட்டும்தான்..." அவள் மறுபடி தேம்ப ஆரம்பித்தாள்.

முற்றுப்புள்ளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய அப்பா தபால்காரர் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"கடமையில உயிரை விட்ட மனுஷன். சும்மா விடக் கூடாது. நாமளே ஒரு இரங்கல் அட்டை அடிச்சுடுவோம்."

"வேண்டாம் சார். அவருக்கு இந்த ஆடம்பரமெல்லாம் பிடிக்காது."

"அடக்கமானவர்" என்று முற்றுப்புள்ளி குறித்துக்கொண்டார். "பேர்?"

"சாம்பல்னு கூப்பிடுவாங்க."

"பட்டப்பேராக்கும். வயசு?"

"ஒன்பது."

"ஒரு இலக்கம் விட்டுப்போச்சு பாருங்க. துக்கத்துல இப்படித்தான் ஆகும். ஐம்பத்தொன்பதா, அறுபத்தொன்பதா?"

"நீங்களே போட்டுக்குங்க சார்."

"ஐம்பத்தொன்பதுன்னே வச்சுக்கலாம். ஓடியாடி வேலை பார்த்திருக்காரே. குழந்தைங்க எத்தனை?"

"கணக்குத் தெரியாது சார். போற ஊர்ல எல்லாம் இருக்குன்னு சொல்வாங்க."

எதிர் சீட் அக்கா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். முற்றுப்புள்ளி யோசித்து, 'பரந்து விரிந்த குடும்பத்தை விட்டுச் சென்றார்' என்று எழுதினார்.

"அம்மாகிட்ட நான் பேசவா?" என்று அக்கா போனை எடுத்தாள்.

"ஐயோ வேண்டாம்க்கா. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தாங்க மாட்டாங்க."

"அப்போ நீ தனியா போய்ச் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்க நாலு பேர் கூட வரோம்."

அன்று இரவு அவளுக்குத் தூக்கமில்லை. நாவலைத் திறக்கவும் மனசில்லை. சாம்பல் இல்லாத பதினெட்டாவது அத்தியாயத்தை யார் படிப்பது?

வியாழன் காலையில் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனாள். அட்டையின் புரூஃப் மேசையில் தயாராக இருந்தது. மூன்று பேர் திருத்தியிருந்தார்கள்.

"சார், நான் தப்பாக் கேள்விப்பட்டிருக்கலாம். உடம்பு இன்னும் கிடைக்கல."

"உடம்பே கிடைக்கலையா?"

முற்றுப்புள்ளி அதைச் சொன்ன விதத்தில் பைண்டிங் பிரிவு முழுக்கக் கையில் பசையோடு மாடியேறி வந்துவிட்டது. அடுத்த கால் மணி நேரத்தில், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முதலாளி தலைமையில் இரங்கல் கூட்டம் என்று முடிவாயிற்று. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இவளுக்குப் பூதத்தோடு தலைமையுரையும் சேர்ந்து கிளம்பியது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இயந்திரங்கள் நின்றன. முதலாளி வந்தார். காகிதத்தைத் தடவிப் பார்த்தே எடை சொல்வார். அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று மட்டும் பார்க்க மாட்டார் என்று பேர். முற்றுப்புள்ளி அட்டையை வாசித்தார். "தபால் வண்டிக்கு முன்னால் சென்றவர். கடும் குளிரிலும் கடமை தவறாதவர். உடன் வந்த எட்டுப் பேரைக் கரையில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் ஆற்றோடு போனவர்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவளும் அழுதாள். அவள் ஒருத்திதான் உண்மையாகவே அந்த இறந்தவருக்காக அழுதாள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு நிமிட மௌனத்தில் முதலாளி அட்டையை வாங்கிப் பார்த்தார். படித்தார். மறுபடி படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணை ரூமுக்கு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தலைமையுரை அவ்வளவுதான்.

அவள் உள்ளே போனபோது மேசைமேல் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. வீட்டுக்கு அனுப்பும் உறையும் அதே நிறம்தான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

"சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன்."

"முதல்ல அதைப் பிரிங்க."

பிரித்தாள். நிரந்தர உத்தரவு. கையெழுத்து கூட இன்னும் ஈரமாக இருந்தது. இத்தனை பேரை ஏமாற்றி வாங்கிய உத்தரவு என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வெடித்தது. பதினேழாவது அத்தியாயத்துக்குக்கூட அப்படி அழவில்லை.

முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வெளியே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினார்.

"இதுக்கே அழுதா எப்படிம்மா?" என்றார் தணிந்த குரலில். "இருபத்திரண்டாவது அத்தியாயத்துல அவர் வாலை ஆட்டிக்கிட்டு வந்து நிப்பார்."