புழுக்கைக்குக் கால் முளைத்த ஞாயிறு

மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் மூன்றாம் மாடியில் குடியிருந்த ரவிக்குமாருக்கு ஒரு கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கும் சூப்பர்வைசர் வேலை. போலீஸ் பயமில்லை, முதலாளி பயமில்லை. பயமெல்லாம் ஆறு கால் உள்ள பூச்சிகளிடம் மட்டும்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக இதை மனைவி ஜோதிமணியிடமிருந்து மறைத்து வைத்திருப்பதாக அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

ஜோதிமணி ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மண்ணில் கை வைக்காமல் அவளால் இருக்க முடியாது. பால்கனியில் எட்டுத் தொட்டிகள். துணி காய்வதும் அங்கேதான். ஒரு துண்டை எடுத்துவிட்டு வருவதற்குள் ரவிக்குமாரின் ஆயுளில் ஒரு மாதம் குறைந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தான். இன்றோடு தொட்டிகள் ஒழிய வேண்டும்.

அதற்கு ஆதாரமும் சிக்கியது. கொய்யாக் கன்றின் இலையில் கருகருவென்று, மிளகைவிடச் சின்னதாக, மேலெல்லாம் பருப் பருவாக ஏழெட்டு உருண்டைகள். கம்பளிப்பூச்சிப் புழுக்கை! பூச்சிக்குத்தான் பயப்படுவான், புழுக்கைக்கு என்ன பயம்? இலையைச் சாய்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டு, வீரமாகச் சமையலறைக்குப் போனான்.

"பாத்தியா? செடி பூரா புழு. வீட்டுக்குள்ள வர்றதுக்கு முந்தி தொட்டியெல்லாம் எடுத்துடலாம்."

ஜோதிமணி தோசைத்திருப்பியோடு குனிந்து பார்த்தாள்.

"இதென்னங்க?"

"புழுக்கை."

"புழுக்கைக்குக் கால் இருக்குமுங்களா?"

ரவிக்குமார் பார்த்தான். ஓர் உருண்டையிலிருந்து மயிரிழைபோல ஆறு கால்கள் நீண்டன. அப்புறம் பக்கத்து உருண்டையிலிருந்து. அப்புறம் எல்லாவற்றிலிருந்தும். முதல் உருண்டை எழுந்து, ஆயுள்ரேகை வழியாக மணிக்கட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தது. கையைத் தன்னிடமிருந்து முடிந்த மட்டும் தள்ளிப் பிடித்தான்.

"வண்டுங்க," என்றாள். "பாத்தா எச்சமாட்டவே இருக்கும். எங்கூருல செடியில கெடக்கும். இதுக்குன்னு ஒரு பேருகூட யாரும் வெச்சதில்ல."

"கடிக்குமா?"

"கைய மட்டும் உதறிடாதீங்க."

"உதறினா?"

"வேண்டாமுங்க."

அவள் அடுப்பை அணைத்தாள். தோசை பாதி வெந்திருக்கும்போது ஜோதிமணி அடுப்பை அணைத்து அவன் பார்த்ததே இல்லை. அப்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே வேர்த்தது.

"மெதுவா நடந்து போயி செடியிலயே உட்டுடலாம். நானுங்கூட வர்றேன்."

கையை நீட்டியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான். சோபா பக்கத்தில் அவள் நின்றாள்.

"தொட்டிய எடுக்கோணுங்களா?"

"வேண்டாம்."

ஒரு வண்டு சட்டைக் கைக்குள் எட்டிப் பார்த்தது.

"இன்னும் நாலு வாங்கலாமுங்களா?"

"வாங்கு."

பால்கனிக் கதவில் கை வைத்தவள் திறக்கவில்லை.

"சித்திரையில எங்கண்ணன் தோட்டத்துக்குப் பத்து நாளு வருவீங்கதானே? போன வருசம் லீவு இல்லீன்னுட்டீங்க."

"வர்றேன் ஜோதி. கதவைத் திற."

கறிவேப்பிலை கிள்ளுவதுபோல ஒவ்வொரு வண்டையும் எடுத்து இலைமேல் வைத்தாள். ரவிக்குமார் சோபாவில் விழுந்தான். சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"நான் உதறியிருந்தா அது என்னதான் பண்ணியிருக்கும்?"

"காலை மடக்கிக்கிட்டு, செத்தமாதிரி கீழ உழுந்திருக்குமுங்க," என்றாள் ஜோதிமணி, அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டே.